தொட்டால் உயிர் போகும் சிறு கட்டி: முன்கையில் ஒரு ஸ்பைரடினோமா – நிகழ்வு ஆய்வு

ஸ்பைரடினோமா தோலின் துணையுறுப்புகளிலிருந்து, அதாவது வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் சேர்ந்த குடும்பத்திலிருந்து, எழும் அரிய, சாதுவான (புற்றல்லாத) கட்டி. 1956-இல் கெர்ஸ்டிங், ஹெல்விக் இருவரும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். எக்ரின் (உடலெங்கும் உள்ள, தோலில் நேராகத் திறக்கும்) வியர்வைச் சுரப்பியின் சுருண்ட பகுதியிலிருந்து வருகிறது என்று அவர்கள் கருதியதால் 'எக்ரின் ஸ்பைரடினோமா' என்ற பெயர் நிலைத்தது. இன்று அபோக்ரின் (அக்குள் போன்ற இடங்களில் மயிர்க்காலில் திறக்கும்) சுரப்பியும் மயிர்க்காலும் சார்ந்த வழித்தோன்றல் என்ற கருத்தே வலுவாக இருக்கிறது. அதனால் 'எக்ரின்' என்ற அடைமொழியை அறிக்கையில் விட்டுவிடுவது நல்லது.

கீழே உள்ளது கற்பித்தலுக்காகத் தொகுத்த நிகழ்வு. இந்தக் கட்டியில் வழக்கமாகக் காணும் கூறுகளும், அதைக் கையாளும்போது வழக்கமாக நேரும் தவறுகளும் ஒரே நோயாளியின் மேல் ஏற்றிச் சொல்லப்பட்டிருக்கின்றன.

நோயாளியும் புகாரும்

வயது 29, பெண். இடது முன்கையின் உட்புறம், முழங்கை மடிப்புக்கு 6 செ.மீ. கீழே மூன்று ஆண்டுகளாக ஒரு கட்டி. முதல் ஒன்றரை ஆண்டு தொந்தரவு எதுவும் இல்லை. பிறகு வலி தொடங்கியது. அதை அவர் சொன்ன விதம்: "சும்மா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது டாக்டர். சட்டைக் கை உரசினாப் போதும், சுரீர்னு இழுத்து உயிர் போயிடும். கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும்."

அந்த இடத்தில் அடிபட்டதில்லை, முன்பு அறுவை நடந்ததில்லை. குடும்பத்தில் யாருக்கும் தலையிலோ முகத்திலோ கட்டிகள் இல்லை. இந்தக் கடைசிக் கேள்வியை ஏன் கேட்க வேண்டும் என்பது பின்னால் வரும்.

பரிசோதனையில் 1.4 × 1.1 செ.மீ. அளவுள்ள, கெட்டியான, ஒற்றைக் கட்டி. மேலே இருந்த தோல் முழுமையாக இருந்தது, புண் இல்லை, நடுவில் துளை இல்லை. லேசான நீலச் சாயல். தோலோடு சேர்ந்து நகர்ந்தது, அடியில் தசையுறையோடு ஒட்டவில்லை. விரலால் லேசாக அழுத்தியதுமே கையை இழுத்துக்கொண்டார். அக்குள் நிணநீர்க் கணுக்கள் தட்டுப்படவில்லை. உச்சந்தலையையும் மூக்கின் இருபக்க மடிப்புகளையும் பார்த்ததில் வேறு கட்டி எதுவும் தென்படவில்லை.

வலிக்கும் தோல் கட்டி என்றதும் நினைவுக்கு வரவேண்டிய பட்டியல் சிறியது: ஆஞ்சியோலைபோமா (நாளங்கள் மிகுந்த கொழுப்புக்கட்டி), நியூரோமா (நரம்புக் கட்டி), கிளோமஸ் கட்டி (தோலின் சிறு நாளங்களைச் சுற்றிய செல்களின் கட்டி), லியோமயோமா (மென்தசைக் கட்டி), ஸ்பைரடினோமா. இவற்றில் சிலவற்றைப் படுக்கையருகிலேயே ஓரளவு ஒதுக்கலாம். கிளோமஸ் கட்டியில் குளிர்பட்டால் வலி கூடும். இரத்த அழுத்தமானியின் பட்டையை மேல்கையில் கட்டி, சுருங்கழுத்தத்துக்கு (இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கு) மேல் ஏற்றினால் வலி அடங்கும். இவரிடம் இரண்டும் இல்லை. லியோமயோமாவும் குளிருக்கு வலிக்கும், பெரும்பாலும் கொத்தாக வரும். நியூரோமாவுக்குப் பழைய காயம் ஒன்று இருக்கும். மீதமிருப்பது ஆஞ்சியோலைபோமாவும் ஸ்பைரடினோமாவும். ஆஞ்சியோலைபோமா இளவயதினரின் முன்கையில் வருவது சகஜம், ஆனால் மெத்தென்று இருக்கும், பல இடங்களில் இருக்கும். கெட்டியான, நீலம்பாய்ந்த, ஒற்றைக் கட்டி என்ற சேர்க்கை ஸ்பைரடினோமாவின் பக்கமே சாய்கிறது. 15 முதல் 35 வயது, உடலின் முன்பக்க மேல்பகுதி என்ற அதன் வழக்கமான இலக்கணத்துக்கும் இது பொருந்துகிறது.

அல்ட்ராசவுண்டில் உள்தோலும் தோலடிக் கொழுப்பும் சேரும் மட்டத்தில், எல்லை தெளிவான, எதிரொலி குறைந்த, முண்டுமுண்டான 12 × 9 மி.மீ. கட்டி தெரிந்தது. டாப்ளரில் உள்ளே இரத்த ஓட்டம் இருந்தது. நீர்ப்பை, கொழுப்புக்கட்டி இரண்டுக்கும் இது ஒத்துவராது.

படிவத்தில் விடுபட்ட சொல்

ஊசியுறிஞ்சல் பரிசோதனைக்கு அனுப்பிய படிவத்தில் இருந்தது இவ்வளவுதான்: "முன்கைக் கட்டி, 3 ஆண்டு, லைபோமா?" லைபோமா என்றால் கொழுப்புக்கட்டி. வலியைப் பற்றி ஒரு சொல் இல்லை, நீலத்தைப் பற்றி இல்லை, வயதுகூட விடுபட்டிருந்தது.

23 கேஜ் ஊசியில் இரத்தம் கலந்த பொருள் வந்தது. ஸ்லைடில் நெருக்கமாகக் கட்டிய சிறு நீலச் செல் கொத்துகள். அவற்றுக்கிடையில், ஜீம்சா சாயத்தில் கருஞ்சிவப்பாக மின்னிய உருண்டை மணிகள். மணியைச் சுற்றிச் சிறு செல்கள் வளையம் கட்டியிருந்தன. இந்தக் காட்சியைத் தனியாக ஒருவர் கையில் கொடுத்தால் முதலில் வாயில் வரும் பெயர் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா, சுரப்பிகளில் எழும் ஒரு புற்று. அப்படித்தான் ஆயிற்று: "பேசலாய்டு செல் கட்டி, அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவை விலக்க இயலவில்லை."

சைட்டாலஜி (உறிஞ்சிய செல்களின் பரிசோதனை) பார்த்தவரைக் குறை சொல்ல இதில் அதிகம் இல்லை. அந்த மணிகள் அடித்தளச் சவ்வுப் பொருளால் ஆனவை. ஸ்பைரடினோமாவிலும் வரும், அதன் உறவுக்காரக் கட்டியான சிலிண்ட்ரோமாவிலும் வரும், அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவிலும் வரும். ஸ்பைரடினோமா என்று சொல்ல உதவும் இரண்டு துப்புகள், அதாவது கொத்துக்குள் இருவகைச் செல்கள் கலந்திருப்பதும் நிணச்செல்கள் (லிம்போசைட்டுகள்) தூவியிருப்பதும், இரத்தம் கலந்த தடித்த ஸ்மியரில் எளிதில் தொலைந்துபோகும். படிவத்தில் "தொட்டால் கடும் வலி" என்ற மூன்று சொற்கள் இருந்திருந்தால் அவற்றைத் தேடிப் பார்க்கும் எண்ணமாவது வந்திருக்கும். புற்று என்ற சொல்லோடு அந்தப் பெண் இரண்டு வாரம் காத்திருக்க நேர்ந்ததும் அதனால்தான்.

அகற்றல்

பன்ச் பயாப்ஸி (வட்டக் கத்தியால் சிறு துண்டு எடுப்பது) தவிர்க்கப்பட்டது. ஆழத்தில் இருக்கும் முண்டுகளில் 4 மி.மீ. பன்ச் ஓரத்தைக் கீறி வெறும் உறையை எடுத்துவரலாம், அல்லது பெருத்த இரத்த நாளத்தில் இறங்கிக் கசிவை உண்டாக்கலாம். மேலாகச் சீவி எடுப்பதில் பயனே இல்லை. இந்தக் கட்டிக்கு மேல்தோலோடு தொடர்பு கிடையாது.

முழுதாக எடுப்பதே நோயறிதலும் சிகிச்சையும். மயக்க ஊசிக்கு முன் தோலில் எல்லையைக் குறித்துவிட வேண்டும். அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் போனதும் தோல் வெளுக்கும், நீலச் சாயல் மறையும், வீக்கத்தில் ஓரமும் கைக்குப் பிடிபடாது. 1 சதவீத லிக்னோகெயின் 6 மி.லி. கட்டியைச் சுற்றி வட்டமாகப் போடப்பட்டது, கட்டிக்குள் அல்ல. உள்ளே போட்டால் வலி தாங்காது. அதோடு திரவம் செல்களைப் பிரித்து, பின்னால் ஸ்லைடில் இல்லாத வெற்றிடங்களைக் காட்டும்.

இந்தக் கட்டிக்கு உறை இருக்கிறது. அதுவே அறுவை செய்பவரை ஏமாற்றும். விரலை நுழைத்துப் பிதுக்கினால் பெரிய முண்டு அழகாக வெளியே வந்துவிடும். பக்கத்தில் உள்ள குட்டி முண்டுகள் உள்ளே தங்கிவிடும். அவையே பிறகு வளர்ந்து 'திரும்ப வந்த கட்டி' ஆகின்றன. ஆகவே தோலோடு சேர்த்து நீள்வட்டமாக, சுற்றிலும் 2–3 மி.மீ. இயல்புத் திசுவுடன், அடியில் கொழுப்பும் சேர்த்து எடுக்கப்பட்டது. திசை தெரிய 12 மணித் திசையில் ஒரு நூல் முடிச்சு. பல்லுள்ள இடுக்கியால் தோல் ஓரத்தை மட்டுமே பிடித்தார்கள். சிறு கருநீலச் செல்கள் நசுங்கினால் நூலாக இழுபட்டு, நிணப்புற்று போலவோ மெர்க்கெல் செல் புற்று போலவோ தெரியும். நசுங்கிய ஓரத்தை வைத்து எந்த முடிவும் சொல்லக்கூடாது.

வெட்டுமேசையில்

மாதிரி 3.2 × 1.4 × 1.2 செ.மீ. பத்து சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலின், மாதிரியின் பருமனைப்போல் குறைந்தது பத்து மடங்கு வேண்டும், 100 மி.லி. புட்டியில் ஓரிரவு வைக்கப்பட்டது. உறையிட்ட கட்டிக்குள் ஃபார்மலின் மெதுவாகத்தான் இறங்கும். நான்கு மணி நேரத்தில் அவசரப்பட்டு வெட்டினால் நடுப்பகுதி பதமாகாமல் குழைந்திருக்கும், உட்கருக்கள் மங்கிப்போகும்.

வெட்டிய எல்லை நுண்ணோக்கியில் தெரிவதற்காக மை தடவும் முன் ஈரத்தை ஒற்றி எடுப்பது சின்ன வேலைதான், ஆனால் அதைச் செய்யாவிட்டால் மை கொழுப்பு இடுக்குகளில் ஓடி, எல்லையில் கட்டி இருப்பதாகப் பொய் சொல்லும். ஒரு பக்கத்துக்கு நீலம், மறுபக்கத்துக்கு கறுப்பு. பிறகு 3 மி.மீ. இடைவெளியில் குறுக்கு வெட்டுகள்.

வெட்டுமுகத்தில் சாம்பல் கலந்த வெண்மையில், வழவழப்பான, எல்லை தெளிவான 12 மி.மீ. முண்டு ஒன்று. அதற்குள் ஊசிமுனையளவு இரத்தப் புள்ளிகள். அதற்கு 2 மி.மீ. தள்ளி 3 மி.மீ. அளவில் இன்னொன்று. கொழுப்பின் மஞ்சள் நிறம் கட்டிக்குள் எங்கும் இல்லை. சில துண்டுகளோடு நிறுத்தாமல், மாதிரி முழுவதும் பிளாக் செய்யப்பட்டது, அதாவது சீவுவதற்காக மெழுகில் பதிக்கப்பட்டது. அந்த முடிவுக்குப் பலன் கிடைத்தது: ஒரு பிளாக்கில் ஆழ்மட்டச் சீவல்களில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத 0.8 மி.மீ. முண்டு ஒன்று கொழுப்புக்குள் இருந்தது. ஆழ எல்லைக்கும் அதற்கும் இடையில் 0.6 மி.மீ. தூரம்தான்.

சீவலின் தடிமன் ஏன் இங்கே முக்கியம்

இந்தக் கட்டியின் நோயறிதல் முழுக்க இருவகை உட்கருக்களைப் பிரித்துப் பார்ப்பதில் நிற்கிறது. ஒன்று கறுத்தது, மற்றது வெளிறியது. இந்த வேறுபாட்டை ஆய்வுக்கூடத்தில் மிக எளிதாக அழித்துவிடலாம்.

முதல் தொகுதி ஸ்லைடுகளில் அதுதான் நடந்தது. சீவல் 6 மைக்ரான் தடிமன். உட்கருவை நீலமாக்கும் ஹிமடாக்சிலின் சாயத்தில் கூடுதல் நேரம், மிகைச் சாயத்தைக் கழுவும் அமில ஆல்கஹாலில் போதாத நேரம். விளைவு, எல்லா உட்கருவும் ஒரே கருநீலம். முண்டு முழுதும் ஒரே மையில் தோய்த்தது போல. 3 மைக்ரானில் மறுபடி சீவி, ஹாரிஸ் ஹிமடாக்சிலினில் 5 நிமிடம், 1 சதவீத அமில ஆல்கஹாலில் சில முக்கல்கள், ஓடும் நீரில் நீலமேற்றம், இளஞ்சிவப்புச் சாயமான இயோசினில் 2 நிமிடம் என்று செய்ததும் வெளிறிய உட்கருக்கள் தனியாகத் தெரிந்தன. அமில ஆல்கஹாலுக்கான நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பதைவிட, ஒரு முக்கலுக்குப் பின் ஸ்லைடை நீரில் அலசி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதே மேல். ஹிமடாக்சிலினின் வயதைப் பொறுத்து அந்த நேரம் மாறிக்கொண்டே இருக்கும்.

சீவலை விரிக்க மிதக்கவிடும் வெந்நீர்த் தொட்டியின் சூட்டையும் கவனிக்க வேண்டும். மெழுகின் உருகுநிலையைவிட 5 முதல் 10 டிகிரி குறைவாக இருந்தால் போதும். அதற்கு மேல் சூடேறினால் சீவல் அளவுக்கு மீறி விரிந்து செல்கள் விலகும். அந்த இடைவெளிகளை நாளங்கள் என்றோ நீர்கோத்த இடைத்திசு என்றோ எண்ணிவிடலாம்.

நுண்ணோக்கியில்

மிகக் குறைந்த பெருக்கத்தில், உள்தோலிலும் கொழுப்பிலும் உருட்டிவிட்ட நீலக் கோலிக்குண்டுகள். மேலே மேல்தோல் இயல்பாக, தொடர்பின்றிக் கிடக்கிறது. இடையில் கட்டி தொடாத உள்தோல் பட்டை ஒன்று உண்டு. ஒவ்வொரு முண்டையும் மெல்லிய நார் உறை சூழ்கிறது. இந்தக் காட்சியைக் கண்டு 'நிணநீர்க் கணு' என்று ஒருவர் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம், முதல் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் உறைக்குக் கீழே நிணக்குழி இல்லை, முளைமையங்கள் இல்லை.

நடுப்பெருக்கத்தில் முண்டு ஒரே திண்டாக இல்லை. செல்கள் தண்டுகளாகவும் பின்னிய கயிறுகளாகவும் ஓடுகின்றன. சில இடங்களில் திடலாக நிற்கின்றன. இடையே நீர்கோத்த, செல் குறைந்த இடைத்திசு. அதில் பெருத்த மெல்சுவர் நாளங்கள், சிலவற்றைச் சுற்றி புதிய இரத்தக் கசிவு, ஓரிரு இடங்களில் ஹீமோசிடரின் (பழைய கசிவு விட்டுப்போன பழுப்பு நிறமி). இந்த நாளங்கள் மிகுந்துவிட்டால் இரத்தநாளக் கட்டி என்றே தோன்றும். தோலின் மேல் தெரிந்த நீலச் சாயலுக்கும் இந்த நாளங்களுக்கும் கட்டியின் ஆழத்துக்கும் பங்குண்டு.

இனி உயர்பெருக்கம். ஒரு தண்டின் ஓரத்தைப் பாருங்கள். வெளிவிளிம்பில் சிறிய செல்கள், சைட்டோப்ளாசம் அநேகமாக இல்லை, உட்கரு உருண்டு கறுத்து இறுகியிருக்கிறது. உள்ளே வர வர செல் பெரிதாகிறது. உட்கரு முட்டை வடிவில், வெளிறி, குரோமாட்டின் திறந்து, நடுவில் சிறு உட்கருமணி ஒன்றுடன். இந்த வெளிறிய செல்கள் சில இடங்களில் ஒரு சிறு குழலைச் சுற்றி மலரிதழ் போல் அடுக்கியிருக்கின்றன. குழலுக்குள் இளஞ்சிவப்புச் சுரப்பு. எல்லாத் தண்டிலும் குழல் கிடைக்காது. இந்த நிகழ்வில் பெரிய முண்டின் கீழ்ப்பாதியில் மட்டும்தான் தெளிவாக இருந்தன.

மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு, அதைக் கறுத்த செல்களோடு சேர்த்து எண்ணிவிடுவது வழக்கமான தவறு. அவை நிணச்செல்கள். தண்டுகளுக்குள்ளேயே, கட்டிச் செல்களின் இடுக்கில், தனித்தனியாகத் தூவிக் கிடக்கும். கறுத்த கட்டிச் செல்லைவிடச் சற்றுச் சிறியவை, உட்கருவைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். இவை பெரும்பாலும் டி-செல்கள். எண்ணெய் லென்ஸ் தேவையில்லை, 40 மடங்கு லென்ஸில் நுண்திருகை மெல்ல மேலும் கீழும் திருப்பினால் பிரிந்துவிடும்.

பிறகு அந்த மணிகள். ஊசி உறிஞ்சலில் ஏமாற்றிய அதே மணிகள் இங்கே இயோசினில் செம்மையாக, கண்ணாடி போல், செல்களுக்கிடையில் உருண்டு நிற்கின்றன. சில தண்டுகளின் ஓரத்திலும் அதே பொருள் மெல்லிய பட்டையாக ஓடுகிறது.

செல் பிரிவுகள் பத்து உயர்பெருக்கப் புலங்களில் இரண்டு. அசாதாரணப் பிரிவு இல்லை. திசுச்சாவு இல்லை. நரம்பைச் சுற்றிய ஊடுருவல் இல்லை.

சிறப்புச் சாயங்கள்

பி.ஏ.எஸ். (பெர்அயோடிக் அமிலம்–ஷிஃப்) சாயம் மணிகளுக்காக. இரு ஸ்லைடுகள்: ஒன்று கிளைக்கோஜனைக் கரைக்கும் டயஸ்டேஸ் நொதியில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம், மற்றது நொதி இல்லாமல். பிறகு 0.5 சதவீத பெர்அயோடிக் அமிலத்தில் 5 நிமிடம், காய்ச்சி வடித்த நீரில் அலசல், ஷிஃப் கரைசலில் 15 நிமிடம், ஓடும் நீரில் 10 நிமிடம். இரண்டு ஸ்லைடிலும் மணிகள் ஒரே அளவு செந்நீலமாக வந்தன. நொதிக்குக் கரையவில்லை என்றால் அது கிளைக்கோஜன் அல்ல, அடித்தளச் சவ்வுப் பொருள். கட்டுப்பாட்டுக்குக் கிளைக்கோஜன் நிறைந்த கல்லீரல் சீவல் ஒன்று கூடவே போக வேண்டும். நொதி வேலை செய்ததா என்பதை அது மட்டுமே சொல்லும். ஷிஃப் கரைசல் தெளிவாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்க வேண்டும். புட்டியிலேயே இளஞ்சிவப்பாகிவிட்டதைக் கொட்டிவிடுவதே சரி.

குறிப்பிட்ட புரதங்களை எதிர்ப்பொருளால் காட்டும் இம்யூனோ சாயங்களில் சைட்டோகெரட்டின் 7 வெளிறிய செல்களில் வலுவாக வந்தது. பி63 ஓரத்துக் கறுத்த செல்களின் உட்கருவில். இ.எம்.ஏ., சி.இ.ஏ. இரண்டும் குழல்களின் உள்விளிம்பை மட்டும் கோடிட்டன. ஸ்மூத் மஸில் ஆக்டின், எஸ்100 ஆங்காங்கே. சாக்ஸ்10 பரவலாக, சி.டி.117 குழல் பக்கச் செல்களில். சி.டி.3 தூவிய நிணச்செல்களை வெளிச்சம் போட்டுக் காட்டியது. வகை-4 கொலாஜன் மணிகளையும் தண்டுகளின் விளிம்பையும் வரைந்தது. பெருகும் செல்களைக் காட்டும் கே.ஐ.67 சுமார் 3 சதவீதம். இதை எண்ணும்போது நிணச்செல்களைச் சேர்த்துவிடக்கூடாது, சேர்த்தால் கணக்குப் பிசகும்.

உண்மையில் நல்ல ஹிமடாக்சிலின்–இயோசின் ஸ்லைடு ஒன்று இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை தேவையே இல்லை. இங்கே செய்ததற்குக் காரணம், முந்தைய அறிக்கையில் எழுந்த புற்றுச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எதையெல்லாம் இதுவென்று எண்ணலாம்

அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவோடுதான் இந்த நிகழ்வில் உண்மையான வழக்கு. இதில் ஒரு பொறி இருக்கிறது. சி.டி.117 இரண்டிலும் வரும். எம்.ஒய்.பி. புரதமும் இரண்டிலும் வரும். இவற்றைச் செய்து 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் புற்றின் பக்கம் சாய்ந்தால் தவறாகிவிடும். பிரிப்பது வடிவம்தான். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா உறையின்றி ஊடுருவும், சல்லடைக் கண்களாகத் துளையிடும், நரம்பைத் தேடிப்போய்ச் சுற்றிக்கொள்ளும். எல்லை உருண்டையாக, நரம்புகள் சுத்தமாக, இருவகைச் செல்களுக்கிடையில் நிணச்செல்கள் தூவியிருந்தால் அது ஸ்பைரடினோமா.

சிலிண்ட்ரோமா உறவுக்காரக் கட்டி. அதிலும் கறுத்தது, வெளிறியது என இருவகை, அதிலும் அடித்தளச் சவ்வு மணிகள். ஆனால் சிறுசிறு தீவுகள் ஒன்றோடொன்று புதிர்ப்படத் துண்டுகள் போல் பொருந்தி நிற்கும், ஒவ்வொன்றையும் தடித்த செம்பட்டை சூழும். உள்ளே நிணச்செல்கள் அரிது. ஒரே முண்டில் பாதி அது, பாதி இது என்றும் வரும். ஸ்பைரடினோசிலிண்ட்ரோமா என்று எழுதிவிடலாம், எதையும் வலிந்து பிரிக்கத் தேவையில்லை.

கிளோமஸ் கட்டியும் வலிக்கும், நீலமாக இருக்கும், உருண்டைச் செல்கள் நாளத்தைச் சுற்றி நிற்கும். அங்கே செல்கள் ஒரே வகை, உட்கரு துளைக்கருவியால் வெட்டியது போல் உருண்டை. ஆக்டின் பரவலாக வரும், கெரட்டின் வராது.

தோல் புற்றுகளில் ஒன்றான பேசல் செல் கார்சினோமா மேல்தோலோடு ஒட்டியிருக்கும், ஓரச் செல்கள் வேலிக்கால் போல் வரிசைகட்டும், தீவுக்கும் இடைத்திசுவுக்கும் நடுவே பிளவு தெரியும். இன்னொரு வியர்வைச் சுரப்பிக் கட்டியான ஹைட்ராடினோமாவில் தெளிந்த சைட்டோப்ளாசமும் நீர்ப்பைகளும் கண்ணாடித்தன்மை கொண்ட கொலாஜனும் இருக்கும். இந்த இறுகிய நீலம் இராது.

வீரியம் மாறினால்

ஸ்பைரடினோமா அரிதாகப் புற்றாக மாறும். பல ஆண்டுகள் அசையாமல் இருந்த கட்டி திடீரென்று வளர்வது, புண்ணாவது, வலியின் தன்மை மாறுவது ஆகியவை எச்சரிக்கை. நுண்ணோக்கியில் அந்த மாற்றம் கழித்தலாகத் தெரியும். முதலில் இருவகைச் செல் என்ற ஒழுங்கு போகும்: முண்டின் ஒரு பகுதியில் ஒரே வகைச் செல்கள் மட்டும் நிறையும். தூவிய நிணச்செல்கள் மறையும். மணிகள் மறையும். எம்.ஒய்.பி. சாயமும் பெரும்பாலும் இழக்கப்படும். அதற்குப் பிறகே செல் பிரிவுகள், திசுச்சாவு, ஊடுருவல். சாதுவான பகுதி பக்கத்திலேயே எஞ்சியிருக்கக்கூடும் என்பதால் ஒரு துண்டை மட்டும் பார்த்து நிம்மதியடைவது ஆபத்து. மாதிரி முழுதையும் பிளாக் செய்ததற்கு இது இரண்டாவது காரணம். இந்த நிகழ்வில் எல்லா முண்டிலும் இருவகைச் செல்களும் நிணச்செல்களும் குறையாமல் இருந்தன.

குடும்பத்தைக் கேட்ட காரணம்

கட்டி ஒன்றுதானா, பலவா என்பதைப் பொறுத்து நோயின் முகமே மாறும். ஸ்பைரடினோமா, சிலிண்ட்ரோமா, டிரைக்கோஎபிதீலியோமா (மயிர்க்கால் சார்ந்த சாதுவான கட்டி) மூன்றும் ஒருவரிடமே பல எண்ணிக்கையில் வந்தால் அது புரூக்–ஸ்பீக்லர் நோய்க்குறித்தொகுப்பு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பழுதுபட்ட மரபணுப்பிரதி வந்தாலே போதும். காரணமான சி.ஒய்.எல்.டி. மரபணு 16-ஆவது குரோமோசோமின் நீள்கையில் இருக்கிறது. 2000-இல் அடையாளம் காணப்பட்டது. அது தரும் புரதம், பிற புரதங்களில் ஏறிய யுபிக்விட்டின் (ஒரு சிறு குறிப்புப் புரதம்) சங்கிலிகளைக் கழற்றி, செல்லை உயிரோடு வைக்கும் என்.எஃப்.-கப்பா.பி. சமிக்ஞைக்குக் கடிவாளம் போடுகிறது. கடிவாளம் அறுந்தால் செல்கள் சாகாமல் பெருகும். உச்சந்தலை முழுவதும் சிலிண்ட்ரோமாக்கள் நிறைந்து தலைப்பாகை கட்டியது போலாகும் நிலை இந்தக் குடும்பங்களில்தான்.

தனியாக வரும் கட்டிகளில் ஒரு பகுதியில் வேறொரு மரபணுவான ஏ.எல்.பி.கே.1-இல் குறிப்பிட்ட ஒற்றை மாற்றம் இருப்பது 2019-இல் தெரியவந்தது. சி.ஒய்.எல்.டி. பழுது உள்ள கட்டியில் இது இல்லை, இது உள்ள கட்டியில் அது இல்லை. அன்றாட அறிக்கைக்கு இந்தச் சோதனை தேவைப்படாது. ஒற்றைக் கட்டி, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, உச்சந்தலை சுத்தம் என்ற நிலையில் மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டாவது கட்டி ஒன்று வந்தால் மட்டும் கணக்கு மாறும்.

அறிக்கை

இறுதியாகப் போன அறிக்கையின் வாசகம்:

"இடது முன்கை, நீள்வட்ட அகற்றல்: ஸ்பைரடினோமா. மூன்று தனி முண்டுகள் – 12 மி.மீ., 3 மி.மீ., 0.8 மி.மீ. வீரியமாற்றத்தின் அறிகுறி இல்லை. பக்க எல்லைகளில் கட்டி இல்லை, மிக அருகிலானது 2.5 மி.மீ. ஆழ எல்லையில் கட்டி இல்லை, மிகச் சிறிய முண்டிலிருந்து 0.6 மி.மீ. முந்தைய ஊசியுறிஞ்சல் ஸ்லைடுகள் மறுபார்வை செய்யப்பட்டன: இருவகைச் செல்களும் நிணச்செல்களும் காணப்படுகின்றன, தற்போதைய முடிவோடு பொருந்துகின்றன. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவுக்கான ஆதாரம் இல்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதாமல் விடுவோர் உண்டு. அப்படி விட்டால் நோயாளியின் கோப்பில் பழைய அறிக்கையின் 'கார்சினோமா' என்ற சொல் அப்படியே கிடக்கும், அடுத்தமுறை வேறொரு மருத்துவர் அதை எடுத்துப் படிப்பார்.

தொடர்கண்காணிப்பு

தையல் 12-ஆம் நாள் பிரிக்கப்பட்டது. எல்லை குறுகியிருந்தாலும் அதில் கட்டி இல்லாததால் மறு அறுவை செய்யவில்லை. முதல் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்வை என்று முடிவானது. ஒவ்வொரு வருகையிலும் மூன்று வேலைகள்: தழும்பையும் அதைச் சுற்றி 2 செ.மீ. தூரத்தையும் விரலால் அழுத்திப் பார்ப்பது, அக்குளைத் தடவிப் பார்ப்பது, தலைமுடியை வகிடெடுத்து உச்சந்தலையைப் பார்ப்பது. 12-ஆம் மாதத்தில் தழும்பு தட்டையாக இருந்தது, அடியில் முண்டு எதுவும் தட்டுப்படவில்லை. அழுத்தியபோது அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. 0.8 மி.மீ. முண்டு இருந்த பிளாக் தனியே குறியிட்டுக் காப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் பின்னாளில் ஏதாவது எழுந்தால் முதலில் ஒப்பிடவேண்டியது அதனோடுதான்.